நாலு டிகிரி காட்டிய ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜின் முகப்பில் எர்ரர் கோடு மின்னிக்கொண்டிருந்தால் யார் வேண்டுமானாலும் மெக்கானிக் ஆகிவிடலாம். அந்தக் கோடு என்னவென்று பார்க்க வேண்டியது, செல்போனில் தேட வேண்டியது, அது சொல்லும் பாகத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்ட வேண்டியது. நீங்கள் எல்லோரும் இப்போது அப்படித்தான் வேலை பார்க்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். குறை சொல்லவில்லை, நானும் கடைசிப் பத்து வருடம் அதையேதான் செய்தேன். ஆனால் கோடு எதுவும் வராமல், எல்லாம் நன்றாக இருப்பதாக இயந்திரமே சத்தியம் செய்துகொண்டு நிற்கும்போது என்ன செய்வீர்கள்? நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

காரைக்குடி சர்வீஸ் சென்டரில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள். "இவர் கை வைத்தால் போதும், கோளாறு ஓடிவிடும்" என்று மேனேஜர் மைக்கில் பேசினார். நான் கை வைக்காமல் வந்த ஒரு வீட்டைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். நாகரிகம் கருதி அதை விட்டுவிட்டார். அந்த நாகரிகம் உங்களுக்குப் பிரயோஜனப்படாது என்பதால் நானே சொல்கிறேன்.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் இருக்கும் தூண்களை எண்ணியவர் யாரும் இல்லை. அவ்வளவு பெரிய வீட்டில் குடியிருந்தது சிகப்பி ஆச்சி ஒருவர்தான். அறுபது வயதைத் தாண்டியவர், கணீரென்ற குரல். காலையில் வந்து சமைத்து, சாயங்காலம் அரியக்குடிக்குப் பஸ் ஏறும் ராக்கம்மா இன்னொருவர். பதினொரு வருடமாக அந்த அடுப்படி ராக்கம்மாவின் பொறுப்பு. வீட்டின் மற்ற பங்காளிகள் எல்லாம் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று பிரிந்து போய், ஒரு வாட்ஸ்அப் குழுவில் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். குழுவுக்குத் தலைவர் ஆச்சியின் தம்பி லெட்சுமணன், அவருக்கும் அக்கா 'ஆச்சி'தான். அவர் இருப்பது சிகாகோவில்.

அந்த வீட்டுக்கு ஒரு புது ஃபிரிட்ஜை வாங்கி அனுப்பியவரும் லெட்சுமணன்தான். இரண்டு கதவு, முகப்பில் உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும் எண், அதே எண்ணைச் செல்போனில் காட்டும் ஆப். சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு கொத்தமங்கலத்துத் தயிர் எத்தனை டிகிரியில் உறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வார். தினமும் அந்த எண்ணைப் படம் பிடித்துக் குழுவில் போடுவார். நாலு டிகிரி. மறுநாளும் நாலு டிகிரி. பங்காளிகள் கட்டைவிரலை உயர்த்துவார்கள். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மாசி மாதத் தொடக்கத்தில் அந்த வீட்டிலிருந்து புகார் வந்தது. ஃபிரிட்ஜ் குளிரவில்லை, பால் திரிந்துபோகிறது என்று. அன்று என் பட்டியலில் ஏழு வீடுகள். புகார் வந்து ஒரு நாளுக்குள் முடித்து வைக்காவிட்டால் நம் கம்பெனி ஆப்பில் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி விழும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொத்தமங்கலம் என் ஐந்தாவது வீடு. வெயிலில் வண்டி ஓட்டி, முன்வாசலில் இருந்து அடுப்படிக்கு நடந்தே களைத்துப்போய், ஃபிரிட்ஜின் முன்னால் நின்றேன். முகப்பில் நாலு என்று அழகாக எரிந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்திச் சோதனை ஓட்டம் விட்டேன். எர்ரர் கோடு எதுவும் இல்லை.

ராக்கம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, உள்ள கையை வச்சுப் பாருங்கண்ணே. குளுரவே மாட்டேங்குது. நேத்துச் சாயந்திரம் வச்ச மாவு காலையில பொங்கிக் கெடக்கு."

"நம்பரைப் பாருங்கம்மா. நாலுன்னு போட்டிருக்குல்ல? மெஷின் எதுக்குப் பொய் சொல்லப் போகுது?"

"அப்ப நான் எதுக்குண்ணே பொய் சொல்லப் போறேன்?"

பதில் இல்லாதபோது சிரித்து வைப்பது என் வழக்கம். சிரித்தேன். முகப்பைப் படம் எடுத்து ஆப்பில் ஏற்றினேன். 'கோளாறு இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டேன். அதற்குக் கீழே 'பயன்படுத்தும் முறை பற்றி வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது' என்று ஒரு கட்டம் உண்டே, அதையும் தொட்டேன். யாருக்கு என்ன விளக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புகாரை முடித்துவைக்க ஓடிபி வேண்டும். அது சிகாகோவுக்குப் போய், அங்கிருந்து ஆச்சியின் போனுக்கு வந்து, ஆச்சி அதை ஒவ்வோர் எண்ணாகச் சத்தமாக வாசித்தார். அந்த மாதம் எனக்குக் கிடைத்த ஒரே ஐந்து நட்சத்திரம் அந்த வீட்டில்தான். கதவைத் திறக்காமலே கிடைத்தது.

இப்படி ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டு நாம் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். நம் காகிதம் அந்த வீட்டில் தங்கிவிடுகிறது. அது என்னவெல்லாம் செய்யும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. என் ரிப்போர்ட்டை லெட்சுமணன் குழுவில் போட்டார். 'கோளாறு இல்லை' என்பதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டமும் போட்டார். ஃபிரிட்ஜ் நிரபராதி என்று தீர்ப்பாகிவிட்டது. பால் திரிந்ததோ உண்மை. அப்படியானால் குற்றவாளி யார் என்று பங்காளிகள் ஆராயத் தொடங்கினார்கள்.

இதையெல்லாம் ஆச்சி பிற்பாடு எனக்குப் போனில் காட்டினார். கோயம்புத்தூர்க்காரர் சொன்னது: அந்தப் பொம்பளை ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனுக்குச் சார்ஜ் போடுகிறாள். பிளக்கைப் பிடுங்கினால் ஆப்பில் நாலு டிகிரி எப்படித் தெரியும் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. சிங்கப்பூர்க்காரர் சொன்னது: பாலை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு சீரியல் பார்க்கிறாள், திரிந்த பிறகு உள்ளே வைக்கிறாள். அடுப்படியில் டிவியே கிடையாது. சென்னையில் இருந்த ஒரு மருமகள், வேலைக்காரர்களுக்குப் பொறுப்பு குறைந்துவிட்டது என்று பொதுவாக வருத்தப்பட்டு ஒரு நீண்ட செய்தி எழுதியிருந்தார். அதற்கு நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள். அறுபது எழுபது செய்திகள் இருக்கும். ராக்கம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று எழுதியவர் யாரும் இல்லை.

மாசிக் கடைசியில் அந்த வீட்டில் படைப்பு. முன்னோர்களுக்குப் படையல் போட்டு, பங்காளிகள் அத்தனை பேரும் கூடிச் சாப்பிடும் நாள். எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். அந்த வீட்டுப் படைப்பு சைவம். அன்றைக்குப் பால் திரிந்தால் அதை வெறும் பாலாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே படைப்புக்கு முன்னால் ராக்கம்மாவை நிறுத்திவிட்டு, கண்டரமாணிக்கத்தில் இருந்து வேறொரு சமையல்கார அம்மாவைக் கொண்டுவருவது என்று குழுவில் முடிவானது. வேலை போவது ஒரு பக்கம். படைப்புப் பாலைக் கெடுத்தவள் என்று ஒரு பெயர் வந்துவிட்டால், அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தப் பெரிய வீட்டிலும் ராக்கம்மாவை அடுப்படிக்குள் விட மாட்டார்கள். அவருடைய மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் லெட்சுமணன் நியாயஸ்தர். ஆதாரம் இல்லாமல் ஒருவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று நினைத்தார். ஆகவே என்னை மறுபடி அழைத்தார். ரிப்பேர் பார்க்க இல்லை, ஃபிரிட்ஜ் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு முறை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க.

என் முதல் வருகைக்குப் பன்னிரண்டு நாள் கழித்துப் போனேன். அடுப்படியில் ஒரு தூக்குவாளியில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் பங்காளிகள் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கட்டங்களில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆச்சி ஒரு நாற்காலியில் இருந்தார். ராக்கம்மா கிரைண்டர் ஓரமாக நின்றார். அவருடைய பையும் குடையும் அவர் காலடியில் இருந்தன. மறுநாளில் இருந்து வர வேண்டாம் என்று அன்று காலையில்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"வாங்க சார்," என்றார் லெட்சுமணன் டேப்லெட்டில் இருந்து. "ஃபார்மாலிட்டிக்குத்தான். ஆப்ல நாலு டிகிரிதான் காட்டுது. நீங்க ஒரு தடவை கன்ஃபர்ம் பண்ணிட்டா போதும்."

நானும் அப்படியே செய்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனசாட்சி அன்றைக்கு ஒன்றும் விழித்துக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் இரண்டாம் முறை புகார் என்றால், ஃபிரிட்ஜின் உட்பக்கத்தையும் படம் எடுத்து ஏற்றினால்தான் நம் ஆப் அடுத்த பக்கத்துக்குப் போகும். அந்த ஒரு விதியால்தான் கதவைத் திறந்தேன்.

புளித்த வாடை முகத்தில் அடித்தது. மேல் தட்டில் இருந்த மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, கீழ்த் தட்டில் இருந்த கத்தரிக்காயின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கதவின் வெளிப்பக்கத்தில் நாலு என்று எரிந்துகொண்டிருந்தது. ராக்கம்மாவைப் பார்த்தேன். அவர் காலடியில் இருந்த குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை உள்ளே விட்டேன். அடுப்படியைவிடக் கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான். ராக்கம்மாவை நினைத்துக் கலங்கினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். முதலில் நினைவுக்கு வந்தது என் பழைய ரிப்போர்ட்தான்.

ஒரு டம்ளர் தண்ணீரில் என் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். ஒரு மணி நேரமா என்று டேப்லெட்டில் மூன்று பேர் கேட்டார்கள். எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் படைப்புக்கு எத்தனை கார் வரும், அவற்றை எங்கே நிறுத்துவது என்று பேசி முடித்தார்கள். கடைசியில் கதவைத் திறந்து பார்த்தால் தெர்மாமீட்டர் பதினாறு காட்டியது.

"பதினாறு சார்," என்றேன்.

"என் ஆப்ல நாலுதான் காட்டுது," என்றார் லெட்சுமணன்.

"உங்க ஆப்பும் உள்ள இருக்கிற அதே சென்சாரைக் கேட்டுத்தான் சார் சொல்லுது."

"உங்க தெர்மாமீட்டர் கேலிபரேட் பண்ணுனதா?"

நல்ல கேள்வி. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இந்த மாதிரி ஒரு கேள்வியை என்னிடம் யாராவது கேட்டிருக்கலாம். ராக்கம்மா கேட்டார், அது கணக்கில் சேரவில்லை. நான் பக்கத்து வீட்டிலிருந்து ஐஸ் வாங்கிவரச் சொல்லி, அந்தத் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் போட்டு, பூஜ்யம் காட்டுவதை டேப்லெட்டுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். மின்விசிறிக் கட்டம் ஒன்றில் இருந்து "அடேயப்பா" என்று ஒரு குரல் வந்தது.

உள்ளே பின்சுவரில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். சென்சார் என்பது உங்களுக்குத் தெரியும், புளியங்கொட்டை அளவுகூட இருக்காது. குளிர் கூடினால் அதில் மின்தடை கூடும். அதற்குப் போகும் ஒயரின் இணைப்பு அரித்துப்போனாலும் மின்தடை கூடும். இரண்டுக்கும் வித்தியாசம் போர்டுக்குத் தெரியாது. குளிர் போதும் போதும் என்று கம்ப்ரசரை நிறுத்திக்கொண்டே இருக்கும். அந்த இணைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். செம்பெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. அதைச் சுற்றி, வெள்ளைப் பிளாஸ்டிக்கில், மேலிருந்து கீழே ஒழுகிக் காய்ந்த மஞ்சள் கறை.

எத்தனையோ ஃபிரிட்ஜைப் பிரித்திருக்கிறேன். கரப்பான் பூச்சி பார்த்திருக்கிறேன், எலிக்குஞ்சு பார்த்திருக்கிறேன். சென்சாருக்கு மஞ்சள் நீராட்டியதை அன்றுதான் பார்த்தேன். விரலில் தேய்த்து மோந்து பார்த்தேன். மஞ்சள்தான். கூடவே கல்லுப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

ஆச்சி நாற்காலியில் இருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். டேப்லெட்டுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"என்னப்பா அது மஞ்சளா இருக்கு?"

"தெரியலையே ஆச்சி. உள்ள தண்ணி ஊத்திக் கழுவுனீகளா?"

"பிள்ளையார் நோன்புக்கு முந்தின நாளு கழுவுனேன். இதுக்குள்ள மீனும் கறியுமா வச்சு எடுக்கிறோம். கவிச்சிப் பெட்டிக்குள்ள நோன்புச் சாமானை வைக்க முடியுமா? உப்பும் மஞ்சளும் கரைச்சு நாலு செம்பு ஊத்துனேன். ராக்கு வேணாம் ஆச்சின்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதுனாலயாப்பா?" என்றார்.

அதனால்தான். மார்கழியில் ஊற்றிய உப்புத் தண்ணீர் இரண்டு மாதம் பொறுமையாக வேலை பார்த்திருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் என் மூளை வேகமாக ஓடியது. ஆச்சி கழுவியதைச் சொன்னால் 'வாடிக்கையாளர் தவறு' என்ற கட்டத்தைத் தொட வேண்டும். வாரண்டி போய்விடும், ஆச்சி தம்பிக்கு முன்னால் தலைகுனிய வேண்டும், அந்த வீட்டில் இனி எனக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. சென்சார் இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது என்று சொன்னாலோ, பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நீ என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். யாருக்கும் வலிக்காத ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. நம் தொழிலில் அப்படிப்பட்ட வார்த்தைகளுக்குப் பஞ்சமே கிடையாது.

"ஈரம் சார்," என்றேன் டேப்லெட்டைப் பார்த்து. "சென்சார் இணைப்புல ஈரம் இறங்கிருச்சு. சென்சாரை மாத்திருவோம்."

ஈரத்துக்குப் பங்காளிகள் யாரும் இல்லை. எல்லோருக்கும் நிம்மதி. ஆச்சி நாற்காலிக்குத் திரும்பினார். நான் இணைப்பை வெட்டி எறிந்து, புது ஒயர் முனையும் புது சென்சாரும் வைத்து, மூடியை மாட்டினேன். முகப்பு எண் பதினேழுக்குத் தாவியது. கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பதினைந்து ஆயிற்று, பிறகு பதின்மூன்று ஆயிற்று. சிகாகோவிலும் பதின்மூன்று தெரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் ஒரு பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அப்ப ராக்கு நாளைக்கு வரட்டுமாடா?" என்று ஆச்சி தம்பியிடம் கேட்டார்.

லெட்சுமணன் யோசித்தார். "இல்ல ஆச்சி. சென்சார் இப்பத்தான போயிருக்கு? பன்னெண்டு நாளைக்கு முன்னாடி சார் வந்து செக் பண்ணி ஓகேன்னு ரிப்போர்ட் குடுத்திருக்காரு. பால் அதுக்கும் முன்னாடியே திரிஞ்சுதே. அதுக்கு அந்தம்மாதானே ரெஸ்பான்சிபிள்? முடிவு பண்ணுனது பண்ணுனதாவே இருக்கட்டும்." பிறகு என்னைக் கேட்டார்: "என்ன சார், அன்னைக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

"சென்சார் எப்பப் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது சார்," என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இப்படிப் பேசக் கற்றுக்கொள்ள எனக்கு முப்பது வருடம் ஆனது. அழைப்பு முடிந்து டேப்லெட் கறுத்தது. ஆச்சி முன்கட்டுப் பக்கம் போனார்.

நான் ஸ்க்ரூடிரைவர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ராக்கம்மா வழிந்த மாவைத் துணியால் துடைத்தார். வேலை போன பிறகும் துடைத்தார். துடைத்த துணியைப் பிழிந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"சென்சாரு தப்புன்னு சொன்னீக. சரிண்ணே. சென்சாருக்கு ஒண்ணும் தெரியாது, அதுக்கு உப்புத் தண்ணி பட்டுருச்சு. அன்னைக்குக் கோளாறு இல்லைன்னு எழுதுனது யாருண்ணே, அதுவும் சென்சாரா?"

சிரித்து வைக்க முயன்றேன், சிரிப்பு வரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்தபடி கோபம் வந்தது, சமையல்காரம்மா நம்மைக் கேள்வி கேட்பதா என்று. அந்தக் கோபத்தைப் பார்த்துத்தான் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

"ஆச்சி," என்று கூப்பிட்டேன். "தம்பிக்கு இன்னொரு தடவை போன் போடுங்க. எல்லாரையும் வரச் சொல்லுங்க."

மறுபடி கட்டங்கள் நிறைய ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடத்தில் பின்வாசல் வழியாக ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அடுத்த தெருவில் போய்த்தான் இறங்க வேண்டும், வண்டி முன்வாசலில் நின்றது.

"சார், அன்னைக்கு நான் இந்தக் கதவைத் திறக்கவே இல்ல," என்றேன். "வெளிய நம்பரைப் பார்த்தேன், படம் எடுத்தேன், எழுதிட்டேன். இந்தம்மா உள்ள கையை வச்சுப் பாருங்கன்னு என்கிட்டச் சொன்னாங்க. நான் வைக்கல. வச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். சென்சார் ரெண்டு மாசமாவே கெட்டுக்கிட்டு வந்திருக்கு. இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. அந்த ரிப்போர்ட் பொய்."

நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன்.

"நான் உங்களுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்தேனே," என்றார் லெட்சுமணன். அந்த வருத்தம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. பிறகு கேட்டார்: "ஈரம்னீங்களே, அதாவது நிஜமா? ஃபிரிட்ஜுக்குள்ள ஈரம் எப்படி வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து ஆச்சியின் குரல் வந்தது.

"நான்தாண்டா மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவுனேன். நோன்புக்கு. கவிச்சியோட வச்சுக்கிட்டு இருக்கச் சொல்றியா? நம்ம அப்பச்சி இருந்தா உன்னையும் சேர்த்துக் கழுவியிருப்பாக."

திரிந்த பாலுக்கு அறுபது செய்தி எழுதிய குடும்பம், இதற்குக் குழுவில் என்ன எழுதியது தெரியுமா? கோயம்புத்தூரில் இருந்து ஒரு கும்பிடும் கை. சிங்கப்பூரில் இருந்து ஒரு கும்பிடும் கை. பொறுப்பு குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்ட மருமகள், ஒரு பிள்ளையார் படம் போட்டிருந்தார்.

"சரி, அந்தம்மா கண்டினியூ பண்ணட்டும்," என்றார் லெட்சுமணன். மன்னிப்புக் கேட்பது என்றால் அந்தக் குடும்பத்தில் அவ்வளவுதான். ஆச்சி கண்டரமாணிக்கத்துக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ராக்கம்மா பையையும் குடையையும் எடுத்து ஆணியில் மாட்டினார்.

"இந்த மாவை என்ன செய்ய ஆச்சி? கீழ கொட்டவா, பணியாரமா ஊத்திரவா?" என்று கேட்டார்.

"ஊத்திரு," என்றார் ஆச்சி.

வெங்காயமும் மிளகாயும் வதங்கும் வாசனையில் எனக்குப் பசி எடுத்தது. மணி மூன்று, மத்தியானம் நான் சாப்பிட்டிருக்கவில்லை. பணியாரம் வெந்து தட்டுக்கு வந்தது. ஒரு தட்டு ஆச்சிக்குப் போனது. இன்னொரு தட்டைப் போட்டுக்கொண்டு ராக்கம்மா கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். எனக்குத் தரவில்லை. ஃபிரிட்ஜ் ஐந்து டிகிரிக்கு இறங்கியதைத் தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டு நான் கிளம்பினேன்.

லெட்சுமணன் கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டார். என் நேர்மையை முதல் பத்தியில் பாராட்டிவிட்டு, இரண்டாவது பத்தியில் என்மேல் நடவடிக்கை கேட்டிருந்தார். ஒரு வாரத்தில் மெமோ வந்தது. யூனிட்டின் கதவைத் திறந்து சோதிக்காமல் 'கோளாறு இல்லை' என்று சான்று அளித்ததற்கான காரணத்தைத் தெரிவிக்கவும் என்று. மேனேஜர் நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அன்னைக்கு ஏழு சர்வீஸ் கால் இருந்துச்சு, நேரம் இல்லைன்னு எழுதுங்கண்ணே. இல்லாட்டி தெர்மாமீட்டர் ரிப்பேர்னு எழுதுங்க. நான் மேல பேசி முடிச்சு விட்டுருதேன்."

வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தேன். ஏழு வீடு இருந்தது உண்மைதான். ஆனால் கதவைத் திறந்து மூட அரை நிமிடம் போதும். தெர்மாமீட்டர் என் பையிலேயே நன்றாகத்தான் இருந்தது. வெயில், களைப்பு, சிவப்புப் புள்ளி என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன், ஒவ்வொன்றாக அடித்தேன். அதே நாளில், அதே வெயிலில், ஆறாவது வீட்டில் ஒரு பேங்க் அதிகாரி "உள்ள கொஞ்சம் பாருங்க சார்" என்று சொன்னதற்காக ஒன்றுமே இல்லாத ஃபிரிட்ஜை முக்கால் மணி நேரம் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அது நினைவுக்கு வந்த பிறகு எழுதுவதற்கு வேறொன்றும் மிச்சம் இருக்கவில்லை.

'உள்ளே கை வைத்துப் பாருங்கள் என்று என்னிடம் சொன்னவர் அந்த வீட்டுச் சமையல்கார அம்மா. வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் வைத்துப் பார்த்திருப்பேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.